கரையில் தூங்கியவள்

மூத்தவள், அவள் கணவர், தங்கை மூவரும் அந்தப் பழைய பங்களாவுக்கு வந்து சேர்ந்தபோது வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டிருந்தது. மாடியில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நின்றது ஓவியம். பல தலைமுறை கண்ட படம். வார்னிஷ் கறுத்து, அடுப்படிச் சுவர் மாதிரி இருந்தது.

கடற்கரைப் பாறையில் ஓர் இளவரசி தூங்குகிறாள். வழி தெரியாத சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட காதலன், அவள் கொடுத்த நூலைப் பிடித்துத்தான் உயிரோடு வெளியே வந்தான் என்பது கதை. காலடியில் ஒரு நாயும் தூங்குகிறது. தூரத்தில் கப்பல்.

"நாய்னா விசுவாசம். கப்பல் அவளைக் கூட்டிட்டுப் போக வருது," என்றார் கணவர். ஓவியங்களுக்கு அர்த்தம் எழுதுவது அவர் தொழில். அழுக்கெடுப்பது மூத்தவளின் தொழில்.

"தெரு நாயைக் கண்டா என் பின்னாடி ஒளியறவரு, விசுவாசத்தைப் பத்திப் பேசறாரு பாரு," என்றாள் மூத்தவள்.

தங்கை சிரிக்கவில்லை. அம்மா போனபிறகு மூத்தவள் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை அது.

"நீ வேலையை ஆரம்பி, அக்கா. நானும் அத்தானும் சாப்பாடு வாங்கிட்டு வந்துடறோம்."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மருந்துக்கு மசியாத அழுக்கை எச்சில் தொட்ட பஞ்சால் எடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். மூத்தவள் பஞ்சை நாக்கில் ஒற்றி, மெல்ல உருட்டினாள்.

முதலில் நாய் தெளிந்தது.

அது தூங்கவில்லை. கழுத்தை நூல் இறுக்கியிருந்தது.

பிறகு கப்பல். பாய்கள் கடல் பக்கம் புடைத்திருந்தன. அது வரவில்லை, போய்க்கொண்டிருந்தது. இத்தனை படங்களுக்கு அர்த்தம் சொன்ன மனிதருக்கு இதுவா தெரியாமல் போகும்?

கப்பலின் மேல்தளத்தில் மட்டும் யாரோ பிற்காலத்தில் அப்பிய வண்ணம் இருந்தது. கத்துக்குட்டி எவனோ செய்த வேலை என்று நினைத்து அதையும் எடுத்தாள். காதலன் தெரிந்தான். அவன் தோளில் சாய்ந்து ஒரு பெண்.

தங்கையின் முகம்.

திரும்பினாள். அறை மூலையில் வைத்திருந்த கணவர், தங்கை இருவரின் பெட்டிகளையும் காணோம். இவளையா ஊட்டி ஊட்டி வளர்த்தேன்?

அறையில் உப்பு வாடை அடித்தது. அந்த ஊரில் கடலே கிடையாது.

பாறையைப் பார்த்தாள்.

காலியாக இருந்தது.

தூங்குகிறவள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அந்த வண்ணத்தைப் பூசியிருக்கிறார்கள்.

போன் அடித்தது.

"அக்கா, எங்களை மன்னிச்சிரு..." தங்கை கிசுகிசுத்தாள். "பின் சீட்டுல யாரோ இருக்காங்கக்கா. ஒடம்பெல்லாம் ஈரமா... அத்தான் பேச மாட்டேங்கறாரு. அவரு கழுத்துல என்னமோ..."

வண்ணம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. தூரிகையை எடுத்து அந்த முகத்தை மறைத்தால், ஒருவேளை, நின்றுவிடும்.

"அக்கா!"

தூரிகையை எடுத்தாள். தங்கை முதன்முதலில் அக்கா என்று மழலையில் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. சற்று முன் கிளம்பிய காரின் சத்தமும் நினைவுக்கு வந்தது.

தூரிகையைக் கீழே வைத்தாள்.

மறுமுனையில் பேச்சு நின்றது. அலைச் சத்தம் மட்டும் வந்தது.

போனை அணைத்தாள்.

அலைச் சத்தம் நிற்கவில்லை.