கால்மாட்டில் நிற்பவர்

வெளியே வெயில் அடிக்கும்போதே உள்ளே இருட்டிவிடும் வார்டு அது. பழைய கட்டடம். ஜன்னலைத் திறந்தால் புதுக் கட்டடத்தின் முதுகுதான் தெரியும். பினாயில் நெடிக்கு அடியில் காயாத துணியின் வாடை. இரவுப் பணி முடிந்த கையோடு இதையும் பார்க்கச் சொல்லியிருந்ததால், சின்ன டாக்டர் அங்கே நுழைந்தபோது அவளுடைய கால்கள் மட்டுமே வந்து சேர்ந்திருந்தன. கண்கள் இன்னும் வந்தபாடில்லை.

பொது மருத்துவ வார்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு. பேய் குடியேறும் அளவுக்கு எந்த நோய்க்கும் கவர்ச்சி கிடையாது.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸுக்கு எழுந்தருளினார். பின்னால் உதவி டாக்டர்களின் வால். எந்தக் கட்டிலிலும் அவர் கால்மாட்டைத் தாண்டியதில்லை. நோயாளியைத் தொடுவது, கண்ணில் நம்பிக்கை இல்லாதவர்களின் வேலை என்பது அவர் கொள்கை. வார்டில் அவருக்கு எக்ஸ்ரே கண்ணர் என்று பெயர். அதைப் பாராட்டு என்றே அவர் நம்பியிருந்தார்.

மூலைக் கட்டிலில் தையல்காரம்மா. நெடுநாள் சர்க்கரைக்காரி. காலையிலிருந்து வியர்வை, குமட்டல், மேல்வயிற்றில் பாரம்.

"கேஸ். வெறும் வாயு," என்றார், கால்மாட்டில் நின்றபடி. "சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"சார், சர்க்கரை இருக்கு. ஒரு ஈசிஜி..."

"எடுத்தா என்னம்மா வரும்? கேஸ்னு வரும்."

வால் சிரித்தது. சின்ன டாக்டர் விட்டுவிட்டாள். களைப்பு அப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தால் மரியாதை மாதிரியே இருக்கும்.

ஊர்வலம் போன பிறகு, தையல்காரம்மாவின் கணவர் பையில் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தார்.

"அந்த டாக்டர் போகக் கூடாதுன்னாரே," என்றாள் அவள்.

"எந்த டாக்டரும்மா?" என்றாள் சின்ன டாக்டர்.

"வயசானவரு. இங்கதான் உக்காந்து கையைப் புடிச்சிக்கிட்டிருந்தாரு. யப்பா, என்ன சில்லுன்னு கை!"

"ஒருத்தரும் வரலீங்க," என்றார் கணவர். "நான் இங்கயேதான் இருக்கேன். இவ உளறுறா."

சின்ன டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கை முழுக்க வியர்வை. மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் ஈரமில்லை. அங்கே தோல் வெளுத்து, ஐஸ்கட்டி போல் இருந்தது.

மெத்தையின் ஓரம் அமுங்கியிருந்தது.

அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

சிஸ்டர் சின்ன டாக்டரின் காதருகே வந்தாள். "டாக்டர் இல்ல மேடம். போன மழைக்காலத்துல இதே கட்டில்ல இருந்த தாத்தா. ஒருதரம் தொட்டுப் பாருங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சுவாரு. நாம கேஸ் மாத்திரை குடுத்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இப்ப அவரு தொட்டுப் பாக்குறாரு."

மெத்தை மெல்ல நிமிர்ந்தது.

"மெஷினைக் கொண்டாங்க," என்றாள் சின்ன டாக்டர்.

காகிதத்தில் கோடுகள் எழும்பி நின்றன. மாரடைப்பு. சர்க்கரைக்காரர்களிடம் அது சில சமயம் நெஞ்சுவலிகூட இல்லாமல், திருடன் மாதிரி வரும். மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லி, ஊசி போட்டு, இதயப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தையல்காரம்மா பிழைத்துக்கொண்டாள்.

செய்தி கேட்டுப் பெரிய டாக்டர் திரும்பி வந்தார்.

"பாத்ததுமே எனக்குச் சந்தேகம்தான்," என்றார். தானும் சந்தேகப்பட்டதாக வால் தலையாட்டியது. அவர் இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "ஏசிய யாரு இவ்வளவு கூட்டி வெச்சது?"

அந்த வார்டில் ஏசி கிடையாது.

அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மணிக்கட்டில் மூன்று வெளுத்த தடங்கள்.

"சார், உக்காருங்க. உங்களுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துடலாம்."

"எனக்கா?" அவள் கை நீண்டதும் பின்வாங்கினார். "கேஸ்மா. மத்தியானம் சாப்பாடு கொஞ்சம் ஜாஸ்தி."

"சார், ப்ளீஸ். தயவுசெஞ்சு..."

நடந்துவிட்டார். இடது கையை மட்டும், யாரோ பிடித்து அழைத்துப் போவதுபோல், சற்று நீட்டியபடி.

அவருடைய அறைக் கதவைத் தட்டும் தைரியம் வாலுக்கு வரவில்லை. கடைசியில் திறந்தபோது நாற்காலியில் விறைத்திருந்தார். இரங்கல் கூட்டத்தில், பார்த்த மாத்திரத்தில் நோயறியும் மேதை என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

சில நாள் கழித்து மூலைக் கட்டிலுக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். படியேறினாலே மூச்சு வாங்குகிறதாம். சின்ன டாக்டர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"எத்தனை பேருதான் பாப்பீங்க மேடம்?" சலித்துக்கொண்டார். "இப்பதான் ரெண்டு பேரு வந்தாங்க. ஒரு தாத்தா கையைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. இன்னொருத்தரு, டை எல்லாம் கட்டிக்கிட்டு, கிட்டயே வரல."

அவள் விரல்கள் நின்றன. "அவரு என்ன சொன்னாரு?"

டிரைவர் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"நீங்களே கேளுங்களேன். அங்கதான நிக்கிறாரு."

அவள் திரும்பவில்லை. அதற்கான தெம்பு இல்லை.

"சிஸ்டர்," என்றாள், "மெஷினைக் கொண்டாங்க."

கால்மாட்டிலிருந்து, மிகவும் சலிப்பாக, ஒரு குரல் கேட்டது.

"கேஸ்."