பிள்ளையாரிடம் எலி கேட்ட கேள்வி

“தந்தத்த யாரும் ஒடைக்கல மாப்ளே. கோடரி வந்து பட்டுச்சு, ஒடஞ்சுது. அவ்வளவுதான் கதை.”

“நல்லா இருக்கே! யார் வேணும்னாலும் கோடரிய வீசிட்டுப் போறதுக்கு அவர் என்ன விறகுக் கட்டையா? அவரேதான் ஒடைச்சார் அத்தான். எழுதுறதுக்காக ஒடைச்சார்.”

“யார் சொன்னது?”

“எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.”

“எங்க வீட்டுலயும் எல்லாருக்கும் தெரியும். உங்க வீட்டுலதான் தப்பாத் தெரிஞ்சிருக்கு.”

விளக்கின் ஒயரைப் பிரித்துக்கொண்டே மிளகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா மேடையின் இந்த மூலையில். மாமா அந்த மூலையில். நடுவே வெள்ளைத் திரை, யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று பேருமாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நிழல் பொம்மலாட்டம் நடத்துகிறவர்கள் அவர்கள். அப்பாவுக்குக் கை. அட்டையில் பொம்மை வெட்டுவதும், திரைக்குப் பின்னால் நின்று ஆட்டுவதும் அவர் வேலை. மேடையில் ஒரு வார்த்தை பேச மாட்டார். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு வாய். சிங்கம், ராஜா, இடி, மழை எல்லாம் அவர் தொண்டைக்குள் குடியிருந்தன. பத்து வயது மிளகுக்கு விளக்கு. ஆள் சின்னது, காரம் அதிகம் என்று அந்தப் பெயரை வைத்ததும் மாமாதான்.

இவர்கள் ஒத்திகை பார்க்கும் விதம்தான் விசித்திரம். அப்பா கொட்டகையில் தனியாக நின்று, வாயைத் திறக்காமல் பொம்மையை ஆட்டிப் பார்ப்பார். மாமா குளியலறையில் தனியாக நின்று, கண்ணைத் திறக்காமல் பேசிப் பார்ப்பார். இரண்டையும் மேடையில்தான் ஒட்டுவார்கள்.

பழைய கதைகளுக்கு அது போதுமாக இருந்தது. இந்த முறை பள்ளியில் புதுக்கதை கேட்டார்கள். “பிள்ளையாருக்கு ஒரு தந்தம் ஒடஞ்ச கதை போடலாமா?” என்றார் அப்பா. “ஜோராப் போடலாமே!” என்றார் மாமா. எந்தக் கதை என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. உலகத்தில் ஒரே ஒரு கதைதான் இருக்கிறது என்று இரண்டு பேருமே நினைத்திருந்தார்கள்.

இப்போது, மணி அடிக்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது, அப்பாவின் பெட்டியிலிருந்து கோடரியோடு பரசுராமர் வெளியே வந்தார். மாமாவின் வாயிலிருந்து காவியம் சொல்லும் வியாசர் வெளியே வந்தார். பிடித்தது சண்டை.

“கயிலாயத்துல சிவன் தூங்குறார். வாசல்ல பிள்ளையார் காவல். பரசுராமர உள்ள விடல. கோடரி பறந்துச்சு,” என்றார் அப்பா.

“வியாசர் நிறுத்தாமச் சொல்றார். பிள்ளையார் நிறுத்தாம எழுதுறார். எழுத்தாணி ஒடஞ்சுபோச்சு. சட்டுன்னு தந்தத்த முறிச்சு எழுதினார். இந்த அழகு உங்க கோடரில உண்டா?” என்றார் மாமா.

“நீ வியாசர்னு வாயத் தொறந்தா, நான் கோடரியத்தான் காட்டுவேன்.”

“கோடரியக் காட்டினா நான் வாயையே தொறக்க மாட்டேன்.” மாமா பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். “இன்னையோட சரி. வானொலியில கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அங்க கோடரியும் கிடையாது, அத்தானும் கிடையாது.”

“போயேன். யார் கையப் புடிச்சா?”

மிளகு ஒயரைக் கீழே வைத்தாள். மாமா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் போய்விட்டால் குரல் இல்லாத பொம்மைகளை வைத்துக்கொண்டு அப்பா என்ன செய்வார்? பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து, வழிநெடுக கழுதைக் குரலில் பாட்டுப் பாடவும் ஆள் இருக்காது.

மணி அடித்தது. பிள்ளைகள் மடை திறந்த மாதிரி உள்ளே வந்தார்கள். தலைமை ஆசிரியை திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“ரெடியா?”

அப்பா கூரையைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

“ரெடி டீச்சர்!” என்றாள் மிளகு.

சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். பிள்ளையார் இருந்தார். தாடியும் கோடரியுமாகப் பரசுராமர் இருந்தார். மூலையில் வாலைச் சுருட்டிக்கொண்டு எலி இருந்தது. எலிக்கு எந்தக் கதையிலும் வசனம் கிடையாது. பிள்ளையாரின் காலடியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

‘இவ்வளவு பக்கத்துல இருக்கிற எலி, தந்தம் என்ன ஆச்சுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்காதா?’

விளக்கைப் போட்டாள். ஒரு கையில் எலி, ஒரு கையில் பிள்ளையார். கனம் தாங்காமல் பிள்ளையார் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். சபையில் சிரிப்பு. தன் பொம்மை கோணலாக நிற்பதை அப்பாவால் பொறுக்க முடியுமா? பாய்ந்து வந்து பிள்ளையாரைக் கையில் வாங்கி நிமிர்த்தினார்.

“சாமி, சாமி!” என்று கீச்சுக் குரலில் கூப்பிட்டது எலி. “உங்க தந்தம் எப்படி ஒடஞ்சுது?”

கூடம் முழுக்கப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். மாமா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒரு கேள்வியை இத்தனை பேர் நடுவில் அனாதையாக விட்டுவிட அவருக்கு மனசு வருமா?

“என்ன கேட்டீர், எலியாரே?” அண்டாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம் மாமாவை யார் நிறுத்துவது? வியாசர் காவியத்தோடு மளமளவென்று வந்தார்.

அப்பாவின் கை அசையவில்லை. மிளகு அவசரமாகப் பரசுராமரின் கையிலிருந்த கோடரியைக் கழற்றிவிட்டு, அவரை அப்பாவிடம் நீட்டினாள்.

“அப்பா, தாடி ஒண்ணுதானே? கோடரி இல்லேன்னா இவர் வியாசர்,” என்று கிசுகிசுத்தாள்.

அப்பா முறைத்தார். ஆனால் மாமாவின் குரல் ஓட ஓட, அவர் விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. பிள்ளையார் வேக வேகமாக எழுதினார். எழுத்தாணி ஒடிந்தது. தந்தம் ‘டக்’கென்று முறிந்து, எழுத்தாணியானது. கூடமே அதிர்ந்தது.

எலி தலையைச் சொறிந்தது. “அப்படியா சாமி? ஆனா அன்னைக்குக் கேட்டப்போ கோடரின்னு சொன்னீங்களே!”

மாமா திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் மிளகு எரிந்து போயிருக்க வேண்டும். அப்பா தந்தத்தை மறுபடி ஒட்டினார். கோடரியை முனிவரின் கையில் செருகினார்.

குரலே இல்லாமல் கதை ஓடியது. முனிவர் உள்ளே நுழையப் பார்த்தார். பிள்ளையார் வழிமறித்தார். கோடரி சுழன்று சுழன்று வந்தது.

“தடுங்க! தடுங்க!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

பிள்ளையார் தடுக்கத் துதிக்கையை உயர்த்தினார். கோடரியை உற்றுப் பார்த்தார். பிறகு துதிக்கையை மெல்ல இறக்கி, தலையைக் குனிந்து, தந்தத்தில் வாங்கிக்கொண்டார்.

“ஏன் தடுக்கல?” முன்வரிசையில் ஒரு குட்டிப் பையனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா மிளகைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கதையை அவர் திட்டியிருக்கிறாரே தவிர, கேட்டதில்லை. மிளகு அவர் காதருகே போனாள்.

“அந்தக் கோடரி பிள்ளையாரோட அப்பா குடுத்தது மாமா.”

மாமாவின் முகம் மாறியது. ஒரு மூச்சு இழுத்துவிட்டார். அப்புறம் வந்த குரல் தாழ்வாக இருந்தாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

“எலியாரே, அந்தக் கோடரிய முனிவருக்குக் குடுத்தது எங்க அப்பா. அப்பா குடுத்த கோடரி வீணாப் போச்சுன்னு ஒரு பேச்சு வரலாமா? தந்தம் போனாப் போகட்டும்.”

ஒரு பிள்ளை கூட அசையவில்லை. பிள்ளையாரைப் பிடித்தபடியே அப்பா திரும்பிப் பார்த்தார். அவர் கதையை அவர் வீட்டில்கூட இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை.

அமைதியைக் கலைத்துக்கொண்டு ஒரு சிறுமி எழுந்தாள். “ரெண்டுமே இல்ல! நிலா கேலி பண்ணிச்சு, அவர் தந்தத்தப் பிடுங்கி நிலா மேல எறிஞ்சார்! எங்க சித்தி சொன்னாங்க!”

“நிலா மேல இல்ல, அசுரன் மேல!” என்று இன்னொருவன் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான். “கஜமுகாசுரன்! அடி வாங்கினதும் அவன்தான் எலியா மாறினான்!”

எல்லாக் கண்களும் எலியின் மேல் திரும்பின. அப்பா உறைந்து நின்றார். மாமாவும் விழித்தார். இந்தக் கதை இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

எலி வாலிலிருந்து மீசை வரை ஒருமுறை நடுங்கியது.

“ஐயையோ! அப்போ அந்த அசுரன் நான்தானா? அதான் எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல! மண்டையில தந்தம் விழுந்தா யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? அதனாலதானே எல்லாரையும் கேட்டுக்கிட்டுத் திரியறேன்!”

கூரை பறக்காத குறைதான். மாமா சிரித்த சிரிப்பில் பிள்ளையாரின் குரல் நாலு துண்டாக உடைந்தது. மேடையில் வாயே திறக்காத அப்பா, திரைக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. “எங்க வீட்டுல எப்படின்னா…” என்று ஆளுக்கொரு கதையோடு எலியைச் சூழ்ந்துகொண்டார்கள். மிளகு அசையாமல் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவ்வளவு பெரிய கூட்டத்தில் இவ்வளவு சின்ன எலிக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை.

கூடம் காலியான பிறகு அப்பா திரையை மடித்தார். “வானொலிக்கு எத்தனை மணிக்குப் போகணும்?” என்று மாமாவைப் பார்க்காமலே கேட்டார்.

மாமா பொம்மைப் பெட்டியின் மேல் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். தன் பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“அத்தான், இவ என் காதுல சொன்ன ஒரு வரிதான் எனக்குத் தெரியும். அந்தக் கோடரிக் கதைய மொதல்லேர்ந்து எனக்குச் சொல்லுங்களேன்.”