பாம்பு முழுசா இருக்கு

மணியடிக்கக்கூடத் தெம்பில்லாமல் துப்பறிவாளர் வீட்டு வாசற்கதவில் ஒரு பெண் சாய்ந்து நின்றாள். உள்ளே வந்தும் தண்ணீரைத் தொடவில்லை. அவள் கணவர் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைச் செப்பனிடுபவர். எகிப்தியரின் பட எழுத்துகள் நிறைந்த சவப்பெட்டிப் பலகை ஒன்றைச் சுத்தம் செய்து கொடுத்திருந்தார். அது கூடத்தில் மாட்டப்பட்ட அன்று, பார்த்ததுமே அலறிவிட்டார். சோதித்தால், பலகை போலி. கடைசியாகக் கைவைத்தவர் என்று போலீஸ் அவரையே பிடித்துப் போய்விட்டது.

"எதைக் கேட்டாலும் 'பாம்பு முழுசா இருக்கு'ன்னு ஒரே பேச்சுதான். புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நானே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு ஜெயிலா, மனநல ஆஸ்பத்திரியா, ரெண்டுல ஒண்ணு" என்றாள்.

துப்பறிவாளரை ஊரே அக்கா என்றுதான் அழைக்கும். கூடப்பிறந்த தம்பி மட்டும் வம்புக்கென்றே மேடம் என்பான். வழக்கு என்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவருகிற ஆள் அவன். "திருடினவரே எதுக்கு மேடம் கத்தணும்?" என்றான். அக்கா செருப்பை மாட்டினார்.

அருங்காட்சியக இயக்குநர் போன மாதம்வரை தண்ணீர் வரி வசூலித்தவர்; எகிப்து அவருக்குப் புதிது. அசலின் பழைய புகைப்படத்தைக் காட்டினார். அதில் பாம்பு வடிவ எழுத்துகள் எல்லாம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தன. போலியில் ஒட்டியிருந்தன. உடைந்ததை ஒட்டுவது செப்பனிடுபவன் வேலைதானே, வேறென்ன சாட்சி வேண்டும் என்றார். அவர் நாற்காலிக்குப் பின்னால் அதே பலகையின் வண்ண ஓவியம் பளபளத்தது. அதை வரைந்த அருங்காட்சியக ஓவியரும் அங்கே இருந்தார். சிதைவே தெரியாமல் வரைவது தன் கைவாகு என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

அக்கா நேரே காவல் நிலையம் போனார். திரும்பி வந்ததும், அந்தப் பெண்ணையும் அழைத்து எல்லோரையும் இயக்குநர் அறையில் உட்காரவைத்தார்.

"பாம்பு முழுசா இருந்தா என்னன்னு அவரைக் கேட்டேன். இதுவரைக்கும் யாருமே கேட்கலையாம். எழுத்துக்கு உயிர் உண்டுன்னு எகிப்துக்காரங்க நம்பினாங்க. சவப்பெட்டியில எழுதின பாம்பு உள்ளே இருக்கறவரைக் கடிச்சுடும்னு, எழுதறப்பவே ரெண்டா வெட்டி எழுதினாங்க. அது உடைசல் இல்லை. அதை ஒட்டக் கூடாதுன்னு இந்தக் கட்டடத்துல தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான்."

தம்பிதான் முதலில் சுவரைப் பார்த்தான். வண்ண ஓவியத்திலும் பாம்புகள் முழுசாக நெளிந்தன.

"உடைசல்னு நினைச்சு ஒட்டினவர் ஓவியத்துலயும் ஒட்டினார், போலியிலயும் ஒட்டினார்," என்றார் அக்கா. ஓவியர் கதவுப் பக்கம் நகர்ந்தார். அன்று மாலையே அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அசல் பலகை கிடைத்தது.

காவல் நிலையத்திலிருந்து வெளியே வந்த கணவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரிடம் அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் குறுக்கே போய் நின்றாள்.

"ஏங்க," என்றாள். "அந்தப் பாம்பை எதுக்கு வெட்டி எழுதினாங்க?"

பதில் அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் படியிலேயே உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.