பதினான்காம் பெட்டியில் ஒரு கூடு

பதினான்காம் பெட்டியில் கூடு கட்டியிருந்தது. கட்டியிருக்கவே கூடாது.

சுகாசினி குனிந்து மறுபடி பார்த்தாள். முசரவாக்கம் பக்கம் இருக்கிற ஒரு ஆராய்ச்சிக் கம்பெனியில் எலி அறையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மனிதருக்கு வரும் கைகால் உதறல் நோயை மரபணுவிலேயே ஏற்றிப் பிறக்கவைத்த சுண்டெலிகள், பெட்டிக்கு ஒன்றாக இருந்தன. பெட்டியில் பஞ்சு போட்டு, மறுநாள் எது எப்படிக் கூடு கட்டியிருக்கிறது என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். நோய் முற்றிய எலிக்குக் கை வராது. பஞ்சு போட்டது போட்டபடி கிடக்கும். இந்தப் பதினான்கு போன மாதம் தண்ணீர்க் குழாயைக்கூடப் பிடிக்க முடியாமல் மல்லாந்து கிடந்த பிராணி. இன்று பஞ்சை இழை இழையாகப் பிரித்து, வட்டமாகச் சுற்றி, மேலே கூரைவரை மூடியிருந்தது. பஞ்சுக்கு நடுவே மஞ்சள் நூல் ஓடியது.

வெளியே காஞ்சிபுரத்து வெயில் மண்டையைப் பிளக்கும் பதினோரு மணி, ஆனால் எலிகள் விழித்திருப்பது இருட்டில் என்பதால் அந்த அறையில் பகலை இரவாக்கி வைத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது, ஒற்றைச் சிவப்பு பல்பு, ஏசியின் ஓயாத உறுமல், மூத்திரமும் மரத்தூளும் மருந்தும் கலந்து தொண்டையில் உட்காரும் வாடை, நாற்பது பெட்டிகளில் நாற்பது ஜோடிப் பற்கள் எதையாவது கறுக்மொறுக்கென்று கடித்துக்கொண்டே இருக்கும் சத்தம். அவள் பதினான்காம் பெட்டியைத் தொட்டதும் அந்தச் சத்தம் நின்றது.

மஞ்சள் நூல் அவள் மகள் அபியின் கவுனிலிருந்து வந்தது.

பார்த்துக்கொள்கிறவரின் வாசனை எலிக்குப் பழக வேண்டுமென்று, உடுத்திய பழந்துணியில் ஒரு துண்டு பெட்டிக்குள் போடச் சொல்வார்கள். போன மாதம் தன் நைட்டியைக் கிழித்துப் போட்டுக்கொண்டே வந்தவளுக்குப் பதினான்காவதுக்கு வந்தபோது அன்று கொண்டுவந்த துணி தீர்ந்துவிட்டது. தைக்கக் கொடுப்பதற்காக மகளின் கவுன் பையில் கிடந்தது. கிழிந்ததுதானே என்று அதில் ஒரு துண்டு போட்டுவிட்டாள். ஓரிக்கையில் அவள் தெருவில் எந்தப் பெண்ணும், செய்வினைக்குப் பயந்து, பிள்ளை போட்டுக் கழற்றிய துணியை அறியாதவர் கையில் விடமாட்டாள். பாவி, எலிதானே என்று நினைத்துவிட்டாள்!

மதிப்பெண் தாளைப் புரட்டினாள். விரலைத் தேதிகளின் மேல் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். எலி இரண்டு வாங்கிய அன்று அபியின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. மூன்று வாங்கிய வாரம் பென்சில் பிடிக்க வரவில்லை. நான்குக்கு நடை போனது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்று காலையிலிருந்து பேச்சில்லை. இன்று ஐந்து.

கதவு திறந்தது. ஆராய்ச்சியை நடத்தும் பிரேம்நாத் தலையை மட்டும் நீட்டினார்.

"பதினாலு சூப்பரா தேறிட்டுது. எப்படின்னு மூளைய எடுத்துப் பாத்துடலாம். பன்னெண்டு மணிக்கு கேஸ் ரூமுக்கு கொண்டாந்துடு."

"சார், ரெண்டு நாள் போவட்டும் சார்..."

"உன்கிட்ட ஐடியா கேட்டனா? சொன்னத செய். இல்ல, வேற ஆளப் பாத்துக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. கேஸ் ரூமுக்குப் போன எலி எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

அவள் பெட்டியைத் திறந்து எலியை வாலைப் பிடித்துத் தூக்கினாள். நோயுள்ள எலி தூக்கியதும் கைகால்களை மார்போடு இறுக்கிக்கொள்ளும். இது நன்றாக விரித்துக்கொண்டு தொங்கியது. உள்ளங்கையில் விட்டாள். ஓடவில்லை. படுத்தது. முன்னங்காலால் இடது காதைப் பிடித்து, மெல்ல மெல்லத் தேய்த்தது.

அபி அப்படித்தான் தூங்குவாள்.

"அபி," என்றாள் மெதுவாக.

எலி தலையைத் தூக்கியது.

அவ்வளவுதான். சாப்பாட்டு டப்பாவைக் காலிசெய்து, எலியை உள்ளே விட்டு, மூடியைத் துளி திறந்தாற்போல் வைத்துப் பையில் போட்டாள். ஸ்கூட்டியைக் கிளப்பியது, ரயில்வே கேட்டில் நின்றது, யார் யாரோ ஹாரன் அடித்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. காலடியில் வைத்த பைக்குள், டப்பாவில் நகம் சுரண்டும் சத்தம். கொஞ்ச நேரம் சுரண்டல். கொஞ்ச நேரம் நிசப்தம். நிசப்தம்தான் பயமாக இருந்தது.

வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவன் அருள் கூலிக்குப் பட்டு நெய்பவன். முன்னறை முழுக்க அவனுடைய தறி. உள்ளே பாயில் அபி கிடந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை. முட்டி மார்பில், மணிக்கட்டு கழுத்தடியில், அப்படியே மடங்கி. சுகாசினி அவளைத் தூக்கப் போனாள். தரையைவிட்டு எழும்பியதும் கைகால்கள் இன்னும் இறுகின.

தாயே, என் பிள்ளைய குடுத்துடு!

டப்பாவைத் திறந்தாள். எலி பாயில் இறங்கியது. அபியின் கையை முகர்ந்தது. கன்னத்தை முகர்ந்தது. உதட்டோரம் நின்றது. அபியின் உதடுகள் மெல்லத் திறந்தன. எலி மூக்கை உள்ளே வைத்தது.

தறிச் சத்தம் நின்றது.

"யாரு, சுகாவா? இன்னாம்மா இந்நேரத்துல வந்துக்கினு..." அருள் வாசற்படியில் நின்றான். முகம் மாறியது. "ஐயோ, புள்ள மேல எலி!"

தறி வீட்டில் எலி என்றால் எமன். ஒரு கடி போதும், ஒரு மாத உழைப்பு நாசம். கதவுக்குப் பின்னாலிருந்த கட்டை எப்படி அவன் கைக்கு வந்ததென்றே தெரியவில்லை.

"அடிக்காதபா! அது..."

எலி அவனைப் பார்த்தது. பாயிலிருந்து குதித்தது. பதுங்கவில்லை. நேராக அவனை நோக்கி ஓடியது. அப்பாவைக் கண்டால் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளை ஓடுவதுபோல, முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு.

கட்டை இறங்கியது.

ஒரு முறை. இன்னொரு முறை.

தரையில் கொஞ்சம் ரத்தம். கொஞ்சம் வெள்ளை மயிர்.

பாயில் ஏதோ அசைந்தது.

அபி எழுந்து உட்கார்ந்தாள். தானாகவே. கைகள் பிரிந்தன. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. நடுக்கம் துளியும் இல்லை.

"சுகா! பாரு, பாரு!" அருளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கட்டையை எறிந்துவிட்டு மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். "கை நடுங்கலம்மா! என் தங்கம் தேறிடுச்சு! எல்லாம் சரியாயிடுச்சும்மா!"

"அபி," என்றாள் சுகாசினி.

குழந்தை திரும்பவில்லை.

"அபி. கண்ணு. அம்மாடா."

மூக்குநுனி மட்டும் காற்றில் துடித்துத் துடித்து எதையோ தேடியது. பிறகு குழந்தை அப்பாவின் சட்டைக் காலரைப் பல்லால் கவ்வி, இழை இழையாக, பொறுமையாகப் பிரிக்கத் தொடங்கியது. அருள் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சிரித்தான்.