ஏழாம் படுக்கையின் வரி

மணி மூன்று ஐம்பது. திரையில் இருந்த வரியோ நான்கு பத்துக்கு உரியது: ஏழாம் படுக்கை, நாடி இல்லை.

மருத்துவமனையின் கணினி அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கும் நடுவே, கறுப்பு அலமாரிகளின் நிழல் ஒரு விரல் அளவுக்கு நகர்ந்தது போலிருக்க, அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். நோயாளியின் பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை. கணினியின் நினைவகத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தில் மட்டும் இருந்தது.

ஏழாம் படுக்கையில் இருப்பவன் அவள் தம்பி. காலையில்தான் அறுவை முடிந்தது.

முதலில் மீசை மீதுதான் சந்தேகம் வந்தது. மீசையை வழித்துப் பத்து வருடமாகியும் பெயர் ஒட்டிக்கொண்ட சக ஊழியன், குறும்புக்காரன். போனில் கேட்டாள். பிள்ளைகள் மேல் சத்தியம், தான் எதையும் தொடவில்லை என்றான்.

தொட்டவள் அவள்தான். போன வாரம், நோயாளியின் விவரம் திரையில் வர ஒன்பது நொடி ஆகிறதென்று வார்டு நர்ஸ் கண் கலங்கினாள். மனம் பொறுக்காமல், கணினியின் அடித்தள நிரலான கர்னலில் எப்போதும் போட்டே இருக்கும் பாதுகாப்பு ஒன்றை இவள் அணைத்துவிட்டாள். ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொன்று எட்டிப் பார்க்காமல் தடுக்கும் சுவர் அது. வேகத்தையும் தின்னும். ஒன்பது நொடி இரண்டானது. யாரிடமும் சொல்லவில்லை. நல்லதே ஆனாலும், ஒளித்துச் செய்தது நெஞ்சில் முள்ளாகத்தான் கிடக்கும்.

இப்போது சொன்னாள். மீசை பெருமூச்சு விட்டான்.

"பிராசசர் நேரத்த மிச்சம் பிடிக்க, அடுத்து என்ன வரும்னு யூகிச்சு முன்னாடியே செஞ்சு பார்க்கும்க்கா. தப்புன்னா தூக்கிப் போட்டுரும். சுவர எடுத்துட்டீங்க, குப்பை தெரியுது."

"இருபது நிமிஷம் முன்னாடியேவா?"

கண் இமைக்கிறதுக்குள்ள முடியிற வேலை அது, என்றான் அவன்.

சுவரைத் திரும்ப எழுப்ப வேண்டும். அதற்குக் கணினியை அணைத்துப் போட வேண்டும். மூன்று நிமிடம் வார்டுத் திரைகள் இருண்டுவிடும். அதே வார்டு நர்ஸைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். வேலை நேரம் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவள், பையைக் கீழே வைத்தாள்.

"நான் பக்கத்துலயே உக்காந்து கையப் பிடிச்சு நாடி பார்த்துக்கிறேன். நீ தைரியமா செய்ம்மா."

நான்கு ஏழு. கடவுளை நினைத்துக்கொண்டு அணைத்தாள். விசிறிகள் நின்றன. அப்படியொரு மௌனத்தை அந்த அறையில் அவள் கேட்டதில்லை.

நான்கு எட்டு.

ஒன்பது.

பத்து. திரை விழித்தது. ஏழாம் படுக்கை: நாடி எழுபத்திரண்டு. மிச்சத்தில் ஒன்றுமில்லை.

நர்ஸுக்கு நன்றி சொல்ல இரண்டு மாடி ஓடினாள்.

திரைச்சீலைக்குப் பின்னால் தம்பி கண் விழித்திருந்தான். நர்ஸ் நாற்காலியில் அமர்ந்து, படுக்கை விளிம்பில் தலை சாய்த்து, அவன் மணிக்கட்டைப் பற்றியிருந்தாள்.

"அக்கா," என்றான் மெதுவாக. "இவங்களுக்கு மூச்சே இல்ல."

நர்ஸின் கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. விரல்களைப் பிரிக்க முயன்றாள்.

அவை இறுகின. ஒவ்வொன்றாக. நாடியை எண்ணுவது போல.