நாலு முகத்துக்குள் ஒருத்தி

அம்பாசமுத்திரத்தில் அந்தப் பழைய வீட்டு வாசலில் வாடகைக் கார் நின்றபோது ஐப்பசி மழை வலுத்துவிட்டது. சித்ரலேகா தன் சேலை நனைவதைப் பொருட்படுத்தவில்லை. மானிட்டரைச் சுற்றியிருந்த போர்வை நனையாமல் உள்ளே போனால் போதும் என்றுதான் தவித்தாள். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிடுவாள். அவள் பயப்படுவது மின்வெட்டுக்கு மட்டும்தான்.

வீட்டுக்காரர் அம்மையப்பன் பிள்ளை அவளை அழைத்தது ஒரு முகம் செய்ய. அவர் தங்கை உலகம்மை பதினேழு வயதில், கல்யாணமாகாமலே, ஆற்றில் விழுந்து செத்தவள். அப்படிப் போனவளை வீட்டுக் கன்னியாக நினைத்து, வருஷா வருஷம் பட்டுப்பாவாடை படைத்துக் கும்பிடுகிறார்கள். இப்போது கொல்லையில் சின்னக் கோயில் எழும்புகிறது. சிலைக்கு முகம் வேண்டும். இருந்த ஒரே போட்டோவையும் அவளைப் பெற்றவரே அடுப்பில் போட்டுவிட்டாராம். கன்னியின் முகம் வெளியிடத்தில் உருவாகக்கூடாது என்று அம்மையப்பன் பிடிவாதம் பிடித்ததால்தான் கம்ப்யூட்டர் கார் ஏறி வந்தது.

"எனக்கு அக்கா முகமே மறந்து போச்சும்மா," என்றாள் பிரம்மநாயகி. உலகம்மைக்கு இளையவள், விதவை, அண்ணன் வீட்டிலேயே இருப்பவள். "சிரிச்சா எப்படி இருப்பான்னு ராவெல்லாம் யோசிக்கேன். வர மாட்டேங்கு. சாகுததுக்குள்ள ஒருக்கா பாத்துட்டா போதும்."

அந்தக் குரலைக் கேட்டபின் சித்ரலேகாவுக்கு இது வெறும் வேலையாக இல்லை.

பிரம்மநாயகியும் அம்மையப்பனின் மகளும் இரண்டு மருமகள்களும் (இரண்டு பேருமே சொந்தத்தில் எடுத்தவர்கள்) போன வாரமே பாளையங்கோட்டைக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து வரைக்கும் பிளாஸ்டர் அச்சு கொடுத்திருந்தார்கள். அச்சின் மேல் புள்ளி குறித்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். திரையில் ஒவ்வொரு முகமும் ஒரு வலை. மூக்கு நுனி முடிச்சுக்கு நாலு வலையிலும் ஒரே எண். அந்த நாலு முடிச்சையும் கூட்டி நாலால் வகுத்தால் நடுவான ஓர் இடம் வரும். எல்லா முடிச்சுக்கும் அப்படிச் செய்தால் குடும்பச் சாடையில் புதிதாக ஒரு முகம். மந்திரமும் இல்லை மாயமும் இல்லை, சின்ன வகுப்புக் கணக்கு.

உலகம்மைக்குப் படைத்துக் கும்பிடும் கன்னியறைக்கு அடுத்த அறையில் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். மதியம்தான் ஆகியிருந்தது, ஆனால் மழை இருட்டில் விளக்குப் போட வேண்டியிருந்தது. நாலு வலையையும் தேர்ந்தெடுத்துச் சராசரிக்குக் கட்டளை கொடுத்தாள். திரையில் கோடு கோடாக முகம் ஏறியது. அழகான முகம்.

கண் திறந்திருந்தது.

முழுசாக இல்லை, இமைக்கு நடுவே ஓர் இழை. அச்சு கொடுத்த நாலு பேரும் கண்ணை மூடியிருந்தவர்கள். மூடிய நாலு கண்ணைக் கூட்டி வகுத்தால் திறந்த கண் எப்படி வரும்? கழுத்தில் வேறு ஒரு பள்ளம், காதுக்குக் கீழ் தொடங்கி மறு காது வரைக்கும்.

நாலு வலையையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தாள். எந்தக் கழுத்திலும் கோடில்லை. மறுபடி கணக்குப் போட்டாள். அதே முகம். திரையின் அடியில் வரி ஓடியது: சேர்க்கப்பட்ட வலைகள், ஐந்து.

பாசி வாடை அடித்தது. ஆற்றுப் பாசியும் நனைந்த பட்டும் கலந்த வாடை.

"ஐயா," என்று கூப்பிட்டாள். அம்மையப்பன் வந்து பார்த்தார். அவர் முகம் சுண்டிவிட்டது.

"கண்ண மூடு," என்றார் மெதுவாக. "கழுத்தத் தேச்சு வழவழன்னு ஆக்கு."

மவுஸால் தேய்த்தாள். பள்ளம் நிரம்பியது. கையை எடுத்தாள்.

பள்ளம் திரும்ப விழுந்தது.

"இது என்ன கோடு, ஐயா?"

"சொன்னதச் செய்யி. இல்லன்னா அழிச்சிரு. வீட்டு மானம் போயிரும்."

அந்த ஒரு வார்த்தையில் சித்ரலேகாவுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. முகமில்லாத ஒருத்தியை இத்தனை வருஷமாகக் கும்பிட்டுக்கொண்டே அமுக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது கணக்குக்குள் வந்து நிற்கிறவளையும் வழவழவென்று ஆக்கச் சொல்கிறார்கள்!

"அழிக்க மாட்டேன்," என்றாள். "ஐயா, ஐஞ்சு பேரைச் சேத்து வகுத்த முகம் இது. ஐஞ்சால பெருக்கி, எனக்குத் தெரிஞ்ச நாலு பேரைக் கழிச்சா மிச்சம் யாருன்னு தெரியும். பாத்துருவோம்."

"வேண்டாம்மா!"

அவள் விசையைத் தட்டினாள்.

கழுத்திலிருந்துதான் வரைய ஆரம்பித்தது. கயிறு பதிந்த ஆழமான பள்ளம். மேலே இறுகிய தாடை. கடித்த உதடு. அப்புறம் கண்கள், அகல விரிந்து, நேரே பார்த்தபடி. அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை.

வாசற்படியில் பிரம்மநாயகி நின்றிருந்தாள்.

"அக்கா," என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "ஆத்துல விழுந்தவளுக்குக் கழுத்துல கயித்துத் தடம் ஏது, அண்ணாச்சி? மேலத்தெருப் பையனக் கட்டிக்குவேன்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி அப்பா என்ன செஞ்சாவ?"

அம்மையப்பன் பிளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்தது. ஆனால் சித்ரலேகா அதற்கு முன்பே முகத்தைப் பிளாப்பியில் ஏற்றி, பிரம்மநாயகியின் கையில் வைத்துவிட்டாள். அவள் அதை முந்தானைக்குள் முடிந்துகொண்டாள்.

"சிலை இந்த முகத்துலதான் இருக்கும்," என்றாள். "இல்லன்னா கோயில் கிடையாது. நாந் தெருவுல நின்னு சொல்லுவேன்." அண்ணன் முன்னால் அவள் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

அப்படியேதான் சிலை வந்தது. விரிந்த கண், கழுத்தில் பள்ளம். பார்க்கிறவர்கள் கேட்டுவிடுவார்களே என்று அம்மையப்பன் தினமும் சாயங்காலம் தானே போய்ப் பள்ளம் மறையக் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்.

காலையில் திறந்தால் சந்தனம் மொத்தமும் சிலையின் காலடியில் கிடக்கிறது. இன்னும் ஈரமாக, பெண்பிள்ளை விரல்கள் அழுத்தி வழித்தெடுத்த தடத்தோடு.