போத்தலில் வந்த கடல்

கொஞ்சம் நெருங்கி இருங்கள், பிள்ளைகளே. இது நான் யாரிடமோ கேட்டுச் சொல்லுகிற கதை இல்லை. என் கண்ணுக்கு முன்னால் நடந்தது.

சித்திரை வருடம் பிறக்கக் கொஞ்ச நாள் இருந்தது. மொன்றியலில் அந்த நேரம் தெருவோரங்களில் கறுத்துப்போன பனிக்குவியல்தான் கிடக்கும். அன்றைக்கோ ஆடி மாதம் போல வெயில். மேல்வீட்டுக் கஜந்தினி இறங்கி வந்தாள்.

"அன்ரி, அவரைக் கரைச்ச கடலைப் பாக்கப் போறம். வாறியளே?"

அவளுடைய கணவன் விமலநாதன் தை மாதம் தவறிப்போனவர். தன் சாம்பலை உப்புத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக் கேட்டவர். எங்களுக்கு இருப்பதோ ஆறு, அதுவும் அப்போது உறைந்து கிடந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் விமலநாதனின் தமையன் அருமைராசா, "நான் அமெரிக்கப் பக்கம் கடலுக்குக் கொண்டுபோறன்" என்று சாம்பல் இருந்த மண்முட்டியை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஒரு போத்தலில் கடல்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கஜந்தினி அதைக் கணவனின் படத்தடியில் வைத்து, காலையில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

காரை அருமைராசாதான் ஓட்டினார்.

"அன்ரி, பாஸ்போட் படத்தில களவெடுத்துப் பிடிபட்டவ மாதிரி இருக்கிறியள். எல்லையில மறிக்கப் போறாங்கள்."

"உம்மட முகத்தைப் பாத்தா முதல் உம்மைத்தான் மறிப்பாங்கள், தம்பி."

சிரித்துக்கொண்டே போனோம். கடல் தெரிந்ததும் அவர் வாய் மூடிக்கொண்டது.

கடைகள் எல்லாம் இன்னும் பலகை அடித்துக் கிடந்தன. மணல் வெதுவெதுப்பாக இருந்தது. பாசி மணத்தது. தூரத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அரைக் காற்சட்டையோடு ஓடித் திரிந்தார்கள்.

"எந்த இடம், அத்தான்?" கஜந்தினி அருமைராசாவைக் கேட்டாள்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "அந்தா... அந்தப் பாறையடி."

"பாலத்தடி எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம், ஓம். ரெண்டுக்கும் நடுவில."

கஜந்தினி முழங்கால் தண்ணீரில் நின்று பூவை விட்டாள். அலை அதைக் கொண்டுவந்து அவள் காலடியிலேயே போட்டது. மறுபடி விட்டாள். மறுபடியும் வந்தது.

அப்போதுதான் எனக்குக் கால் குளிர்ந்தது. அந்த வெயிலில் என் மூச்சு புகையாக வந்தது.

பின்னால் ஒரு சத்தம்.

காய்ந்த பனியில் நடந்தால் நொறுங்குமே, அந்தச் சத்தம்.

திரும்பினேன். காரடியிலிருந்து எங்களை நோக்கி வெறுங்கால் தடங்கள். சுற்றிவரச் சூடான மணல். ஒவ்வொரு தடத்துக்குள்ளும் வெள்ளையாகப் பனி இறுகிக் கிடந்தது.

இடது காலில் சின்ன விரல் இல்லை.

விமலநாதனுக்கு ஊரில் ஷெல் துண்டு பட்டுப் போன விரல் அது.

கடைசித் தடம் அருமைராசாவின் முதுகுக்குப் பின்னால் நின்றது. கடல் பக்கம் தடம் ஒன்றும் இல்லை.

கஜந்தினி கரைக்கு வந்தாள். குனிந்து அந்தத் தடங்களைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அத்தான், இவர் இன்னும் கடலுக்கு வரேல்லை. எங்க விட்டனீங்கள்?"

"அண்டைக்கு ஸ்நோப் புயல், பிள்ளை... லொங்குய்யில, எங்கட ஆத்தங்கரையில... ஐஸுக்கு மேல வைச்சனான். உருகினா தானாக் கடலுக்குப் போகும்தானே?"

"தனிய வைச்சிட்டு வந்தனீங்கள்."

அவர் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டார்.

"அப்ப அந்தப் போத்தல்?"

"குழாய்த் தண்ணி." அவருடைய பல் கிடுகிடுத்தது. "குசினி உப்பு."

அவள் கைப்பையிலிருந்து போத்தலை எடுத்தாள். அதையும் கடலில் சேர்க்கவென்று கொண்டுவந்திருந்தாள். அழவில்லை. "என்ர கண்ணில விட்டனான், அத்தான்," என்றாள். அவ்வளவுதான்.

பிறகு அவருக்குப் பின்னால் இருந்த வெறும் காற்றைப் பார்த்துக் கை நீட்டினாள். "இஞ்சருங்கோ... இதுதான் கடல். வாங்கோ."

நொறுக்.

அடுத்த தடம் விழுந்தது. கடலை நோக்கி இல்லை. திரும்பி, காரை நோக்கி.

நாங்கள் இருவரும் பஸ் தேடிப் போனோம். அருமைராசாவின் கார் எங்களைக் கடந்து போனபோது, பின் இருக்கைப் பக்கத்துக் கண்ணாடி மட்டும் உறைபனி படிந்து வெள்ளையாக இருந்தது.

கஜந்தினி அடுத்த நாளே லொங்குய் ஆற்றங்கரைக்குப் போய்த் தேடினாள். ஐஸ் உடைந்து போய்விட்டிருந்தது. முட்டி இல்லை.

ஆடி மாதம் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் அருமைராசாவின் வீட்டைக் கடந்தேன். உச்சி வெயில். அவர் வாசற்படியில் கம்பளிக் கோட்டோடு குந்தியிருந்து, மாரியில் பனியை உருக்க எறிகிற உப்பை வாளியால் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"காணாது, அன்ரி," என்றார். "எவ்வளவு உப்புப் போட்டாலும் இவனுக்குக் காணாது."

குனிந்து பார்த்தேன். உப்புக்கு நடுவே ஒரு வெறுங்கால் தடம், உருகாமல், வெள்ளையாக.

விரல்கள் நாலும் வீட்டுக்குள்ளே பார்த்தபடி இருந்தன.